டாக்டர் நேரத்தில் பத்து நிமிஷம்

மேவிஸுக்கு ஒரே ஒரு ஆசைதான். அவள் உண்டாகியிருக்கும் செய்தியை அவள் புருஷன் ஃபெர்கஸ் அவள் வாயால் கேட்க வேண்டும். வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

உலகத்தில் வேறு எங்கேயாவது இருந்தால், இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்பீர்கள். எங்கள் ஃபாக்லாந்துத் தீவுகளில் கேட்க மாட்டீர்கள். ஸ்டான்லி ஊரை விட்டால் மிச்சம் எல்லாவற்றுக்கும் கேம்ப் என்று பெயர். புல், காற்று, ஆடு, மறுபடியும் காற்று. ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் முப்பது நாற்பது மைல், பாதி நேரம் கடலும் கூட. ரோடு கிடையாது. ஆனால் ஒவ்வொரு சமையலறை அலமாரியிலும் ஒரு ரேடியோப் பெட்டி உண்டு. அதில் பேசவும் செய்யலாம், கேட்கவும் செய்யலாம். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர் அதில் வருவார். யாருக்கு என்ன உபத்திரவமோ அவரிடம் சொல்ல வேண்டும். சொல்வதை மொத்த கேம்பும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கும். ஒருவனுடைய மூலத்துக்கு டாக்டர் என்ன களிம்பு சொன்னார் என்பது அடுத்த மாதம் அவன் ஸ்டான்லி துறையில் இறங்கும்போது கயிறு கட்டுகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். "இப்ப உக்கார முடியுதா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரிப்பான். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தினம் மூன்று வேளையும் ஆட்டுக்கறி, ஜன்னலுக்கு வெளியே அதே ஆடு. வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஏற்கெனவே இரண்டு தடவை மேவிஸ் இதே ரேடியோவில் டாக்டரிடம் பேசியிருக்கிறாள். முதல் தடவை, அவள் உண்டாகியிருக்கிறாள் என்பதை ஃபெர்கஸுக்குச் சொன்னவன் வேலிக்குக் கம்பி கட்டுகிற ஒரு வெளியூர்க்காரன். இரண்டாம் தடவை நடந்ததுதான் கொடுமை. ஃபெர்கஸ் ஒரு கொட்டகையில் ஆட்டு மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கத்தரித்தவன் ஆட்டைக் கால்களுக்கு நடுவில் இடுக்கியபடியே, "மனசு கஷ்டமா இருக்கு ஃபெர்கஸ், இதுவும் தங்கலியாமே" என்றான். ஃபெர்கஸுக்கு அதுவரைக்கும் தெரியாது. பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவன் அவளைக் கட்டிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "உன் வாயால கேட்டிருக்கணும்டி." அந்தச் சொல் மேவிஸின் நெஞ்சில் ஆறு வருஷமாக முள்ளாய்க் கிடந்தது.

இப்போது மூன்றாம் தடவை. மேவிஸுக்கு முப்பத்தாறு வயது. ஒன்பது வாரம் ஆகிறது. ஃபெர்கஸ் நவம்பர் முதல் தேதியே நார்த் ரிங்கன் பண்ணைக்கு ஆடு கத்தரிக்கப் போய்விட்டான். குதிரையில் ஒன்றரை நாள் தூரம். வருவதற்கு நாலு வாரம் ஆகும். அவன் போகும்போது அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. போன பிறகு தெரிந்தது. தெரிந்த மூன்றாம் நாளே அடிவயிற்றில் லேசாக வலித்தது.

ஸ்டான்லிக்குப் போய் டாக்டரை நேரில் பார்த்துவிடலாம் என்றால், கடலில் இறங்கும் அந்தச் சின்ன விமானத்தை லண்டனிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் இரண்டு வாரத்துக்குப் பிடித்து வைத்திருந்தார். தீவு இங்கிலாந்தோடதா அர்ஜென்டினாவோடதா என்கிற பழைய பஞ்சாயத்துதான். எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கக் குடியிருப்பு குடியிருப்பாகப் பறந்துகொண்டிருந்தார். அவருக்கு எங்கள் அபிப்பிராயம் வேண்டும், எங்களுக்கு விமானம் வேண்டும். அது போகட்டும். மேவிஸுக்கு ரேடியோவை விட்டால் வேறு கதி இல்லை.

பத்து மணிக்கு அவள் மைக்கை எடுத்தாள்.

"ஸ்டான்லி, லாகர் கோவ்லேர்ந்து மேவிஸ் பேசுறேன். டாக்டர் லாமண்ட், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி மத்த எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கணும்."

டாக்டர் லாமண்ட் தீவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "கேளுங்க" என்றார் பாவம், ஒன்றும் புரியாமல்.

"எல்லாரும் ரேடியோவ அணைச்சிருங்க. பத்தே பத்து நிமிஷம். தயவுசெஞ்சு."

அந்தப் பெட்டி தீவுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று எல்லாரையும் வெளியே போகச் சொன்ன மாதிரி இருந்தது.

முதலில் சவுத் ஹார்பர் பண்ணை மானேஜர் பெர்சிதான் தொண்டையைக் கனைத்தார். "சவுத் ஹார்பர் அணைக்குது."

"கிரே ஹெட் அணைக்குது."

"நாங்க அப்பவே அணைச்சிட்டோம்" என்றது ஒரு குரல்.

"அப்புறம் எப்படிடா பேசுற?" என்றார் பெர்சி.

"நீ எப்படிக் கேக்கற?"

அணைத்துவிட்டேன் என்று சொல்வதற்கும் ரேடியோதானே வேண்டியிருக்கிறது, என்ன செய்வது! ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். கடைசியாக வந்தது ரென் தீவு. மேற்கே ஒதுங்கிக் கிடக்கும் அந்தத் துண்டுத் தீவில் எண்ணூறு ஆடும் இரண்டு மனிதர்களும்தான். ஹெக்டருக்குக் காது மந்தம். அவர் பெண்சாதி வின்னிக்கு எல்லாருக்கும் சேர்த்துக் காது. படகு ஆறு வாரத்துக்கு ஒரு தடவைதான் அங்கே போகும். மற்றபடி வின்னிக்கு உலகம் என்றால் இந்தப் பெட்டி மட்டும்தான். யாருக்கு எந்தப் பல்லை எந்த வருஷம் பிடுங்கினார்கள் என்பதுவரை சொல்லுவாள். ஓட்டை வாய் என்று அவளுக்கு முன்னாலேயே சொல்லுவார்கள், அவளும் சிரிப்பாள். மேவிஸ் பயந்தது முக்கியமாக அவளுக்குத்தான்.

"மேவிஸ், இது எனக்குச் சுத்தமாப் பிடிக்கல" என்றாள் வின்னி.

"தெரியும் வின்னி ஆன்ட்டி."

"பத்து நிமிஷமா?"

"பத்து நிமிஷம்."

"நாய் கடிச்சிருச்சா?"

"ஆன்ட்டி!"

"சரி சரி. வாயத் தெறந்து கேட்டுட்ட. ரென் தீவு அணைக்குது."

பிறகு மேவிஸ் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வலி, நாள் கணக்கு, போன இரண்டு தடவை நடந்தது, எல்லாம். டாக்டர் நிதானமாகக் கேட்டார். குதிரை ஏறக் கூடாது, பால் கறக்கக் குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, மூன்று வாரம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை என்றார்.

"ஃபெர்கஸுக்குத் தெரியுமா?"

"தெரியாது டாக்டர். அவன் நார்த் ரிங்கன்ல இருக்கான். நான்தான் சொல்லணும் அவன்கிட்ட. போன ரெண்டு தடவையும் ஊரே சொல்லிருச்சு. இந்தத் தடவையாவது..." சொல்லி முடிக்காமலே மைக்கை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மேவிஸ் பால் கறக்கப் போக வேண்டாம் என்று வயிறு சொன்னது, மாடு விடாது என்று மனசு சொன்னது. கதவைத் திறந்தால் வாசலில் பால் செம்பு நிறைந்து மூடி போட்டு இருந்தது. அடுப்பில் எரிக்கும் பீட் மண்கட்டிகள் வாளி நிறைய உடைத்து அடுக்கியிருந்தன. லாகர் கோவில் மொத்தமே நாலு வீடு. எதிர் வீட்டுக் கிளாரா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"பால் யாரு கறந்தா?" என்றாள் மேவிஸ்.

"எந்தப் பாலு?" என்றாள் கிளாரா. "காத்து இன்னிக்கி மேக்காலேர்ந்துல்ல அடிக்குது?"

இங்கே ஒருவர் இன்னொருவரைப் பார்த்தால் முதல் கேள்வி காற்றைப் பற்றி, இரண்டாவது கேள்வி உடம்பைப் பற்றி. கிளாரா காற்றோடு நிறுத்திக்கொண்டாள். அன்று மத்தியானம் வந்த ஆடு மேய்க்கிறவனும் காற்றோடு நிறுத்திக்கொண்டான். லாகர் கோவ் மானேஜர் வீட்டம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து காற்றைப் பற்றியே பேசினாள், கடைசியில் அவளுக்கே சொல்வதற்குக் காற்று தீர்ந்துபோனது. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மேவிஸுக்கு உறைத்தது. கரண்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டாள். "நாசமாப் போறவங்க! அத்தனை பேரும் கேட்டிருக்காங்க!"

கோபம் தலைக்கேறியது. இந்தத் தீவில் ஒரு மனுஷி மூச்சுவிடக்கூட முடியாதா? ரேடியோவை எடுத்துக் கடலில் எறியலாம் போல இருந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு ஃபெர்கஸுக்குத் தெரியாமல் இருக்குமா? நார்த் ரிங்கன் கொட்டகையில் இருபது பேர் வேலை செய்கிறார்கள், சமையல்காரனிடம் ரேடியோ இருக்கிறது. எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபெர்கஸ் ரேடியோவில் வந்தான். சனிக்கிழமைதோறும் வருவான். மேவிஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

"எப்படி இருக்க?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கேன். நீ?"

"இடுப்புதான் ஒடியுது. இன்னிக்கி நூத்தி அறுபது கத்தரிச்சேன். மாடு எப்படி இருக்கு?"

"மாடும் நல்லா இருக்கு."

அவனுக்குத் தெரியவில்லை. அவன் குரலை அவளுக்குத் தெரியாதா? ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு! மேவிஸ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக இந்த நேரத்தில் நடுவில் நாலு பேர் புகுந்து கேலி செய்வார்கள். அன்று ஒரு சத்தம் இல்லை.

"என்ன லைன் இவ்வளவு அமைதியா இருக்கு?" என்றான் ஃபெர்கஸ். "எல்லாரும் செத்துட்டீங்களா?"

"நான் இருக்கேன்" என்று ரென் தீவிலிருந்து வின்னி குரல் கொடுத்தாள். "என் கோழி ரெண்டு முட்டை போட்டுருக்கு. அப்புறம் மேவிஸ், அன்னிக்கி நீ டாக்டர்கிட்ட என்ன பேசினேன்னு நான் கேக்க மாட்டேன். கேக்கவே மாட்டேன். கால் ஆணியா?"

"இல்ல ஆன்ட்டி."

"சரி, கேக்கல. கண் கட்டியா?"

"என்ன டாக்டர்? என்ன கட்டி?" என்றான் ஃபெர்கஸ்.

அவ்வளவுதான், ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் ரேடியோவில் பாய்ந்து காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். யார் பேசுவதும் யாருக்கும் புரியவில்லை. மேவிஸ் பெட்டியை அணைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரும் நன்றாகத்தான் நடிக்கிறார்கள், இந்த வின்னி ஆன்ட்டி மட்டும் ரொம்பவே அதிகமாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் லண்டன்காரர் லாகர் கோவுக்கு வந்து இறங்கினார். கூடவே நல்ல காற்றும் வந்து இறங்கியது, விமானம் மூன்று நாள் எழும்ப முடியவில்லை. வேலைக்காரர்கள் சாப்பிடும் கூடத்தில் கூட்டம் நடந்தது. உங்கள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றார் அவர். அர்ஜென்டினாக்காரர்களோடு என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மானேஜர் கேட்டார். அதை இப்போது வெளியில் சொல்வதற்கில்லை என்றார் லண்டன்காரர். நம் தலைக்கு என்ன விலை என்று நம்மிடம் சொல்ல மாட்டாராம்! பின் பெஞ்சில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவருக்குத் தேநீர் ஊற்றியவள் மேவிஸ். "நீங்க இங்க எவ்வளவு காலமா இருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

"அஞ்சு தலைமுறை. எங்க ஆளு கேப் ஹார்ன்ல கப்பல் ஒடைஞ்சு வந்து இறங்குனாரு. அடுத்த கப்பல் வரட்டும்னு உக்காந்தாரு. இன்னும் உக்காந்துருக்கோம்."

மறுநாள் பத்து மணிக்கு அவர் அவள் சமையலறையிலேயே இருந்தார். ரேடியோவில் கிரே ஹெட் சமையல்காரன் தன் வயிற்றுப்போக்கை நேரம், தடவை, நிறம் விடாமல் டாக்டரிடம் விவரித்துக்கொண்டிருந்தான். லண்டன்காரர் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இதை எல்லாருமா கேக்கறீங்க? மனுஷனுக்கு ரகசியம்னு ஒண்ணு வேண்டாமா?"

"அதான் எங்க ரகசியம் மொத்தமும் உங்ககிட்ட இருக்கே" என்றாள் மேவிஸ். சொல்லிவிட்டு, கொஞ்சம் அதிகப்படியாகப் போய்விட்டதோ என்று இன்னொரு துண்டு கேக் வைத்தாள். நல்ல மனிதர்தான், அதையும் தின்றார். கிளம்பும்போது விமானி அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு பையைக் கொடுத்தான். உள்ளே ஆறு ஆப்பிள். கப்பல் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, ஸ்டான்லியில்கூட ஆப்பிள் கண்ணில் படாது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

"வழியில கெடந்துச்சு" என்றான். அவன் வழி முழுக்கக் கடல்.

அந்த ஆப்பிளைக் கடிக்கும்போதுதான் மேவிஸின் கோபம் மிச்சமில்லாமல் போனது. ஒரு வார்த்தையை மென்று விழுங்குவது இவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அவளும் இவர்களில் ஒருத்திதானே! பெர்சியின் மூலத்தைப் பற்றி அவளே எத்தனை பேரிடம் பேசியிருக்கிறாள். வலி பத்து நாளாக வரவில்லை. பாவாடை இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. ஒரு நாள் அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு, சத்தமாக, "இரு கண்ணு, அப்பா வரட்டும்" என்று சொல்லிப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. மத்தியான வெயிலில் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காற்று விரிப்பை அவள் முகத்தில் அறைந்தது. அதை விலக்கினால் மேட்டிலிருந்து ஒரு குதிரை இறங்கி வருகிறது. குதிரை நார்த் ரிங்கன் மானேஜருடைய வெள்ளைக் குதிரை. மேலே உட்கார்ந்திருப்பது ஃபெர்கஸ். அவன் வருவதற்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே!

அவன் குதிரை நிற்பதற்கு முன்பே குதித்தான். முகம் வெளுத்திருந்தது. அவளைத் தோளைப் பிடித்து மேலும் கீழும் பார்த்தான்.

"உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு என்ன?"

"பொய் சொல்லாத மேவிஸ். மூணு வாரமா ஒருத்தனும் உன்னப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான் உள்ள நொழஞ்சா எல்லாரும் கப்சிப். ஸ்மோகோ டீ நேரத்துல எனக்கு மட்டும் ரெண்டு துண்டு கேக். பதினஞ்சு வருஷமா என் புகையில டப்பாவத் திருடுற டாம், அவன் டப்பாவ எனக்குக் குடுக்கறான்! மானேஜர்கிட்ட போய், இன்னும் முந்நூறு ஆடு பாக்கி இருக்கு, ஆனா நான் வீட்டுக்குப் போறேன்னேன். அந்தாளு திட்டுவாருன்னு பாத்தா, 'போடா போ'ன்னு சொந்தக் குதிரையவே குடுக்கறாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"என்னன்னு?"

"நீ சாகக் கெடக்கேன்னு. இல்லன்னா அந்த லண்டன்காரனோட போய்ட்டேன்னு."

"அடப்பாவி! எதுன்னு நெனச்ச?"

"மாத்தி மாத்தி வந்துச்சு. வெறும் பாறாங்கல்லாக் கெடக்கே அந்தக் கல் ஆறு, அது வரைக்கும் சாவு. கல்லு மேல குதிரை ஏறாதுன்னு அஞ்சு மைல் சுத்தினேன் பாரு, அது பூராவும் லண்டன்."

மேவிஸ் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். ஆறு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஓடிப்போய்விட்டன.

"ஃபெர்கஸ், நான் உண்டாயிருக்கேன். பன்னெண்டு வாரம் தாண்டிருச்சு. இது தாண்டிட்டா கவலை இல்லன்னு டாக்டர் சொன்னாரு."

அவன் அப்படியே புல்லில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"எனக்குத்தான் மொதல்ல சொல்றியா?" என்றான்.

"என் வாயால உனக்குத்தான் சொல்றேன்" என்றாள் மேவிஸ். அது பொய்யில்லை. டாக்டரை விட்டுவிடுங்கள், டாக்டர் கணக்கில் வரமாட்டார்.

ஃபெர்கஸ் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். அவளையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். கொடியில் விரிப்புகள் படபடவென்று அடித்தன. மானேஜருடைய வெள்ளைக் குதிரை சாவகாசமாக வேலிக்குள் புகுந்து அவளுடைய முட்டைக்கோஸ் பாத்தி முழுவதையும் தின்று தீர்த்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் கிளாராவின் திரை அசைந்தது. ஒருத்தரும் வெளியே வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மைக்கை எடுத்தவன் ஃபெர்கஸ். மேவிஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம். லாகர் கோவ்லேர்ந்து ஃபெர்கஸ். இது எல்லாருக்கும். எனக்கும் மேவிஸுக்கும் ஜூன் மாசம் கொழந்தை பொறக்கப் போவுது."

ஐயோ, அப்போது கேட்டிருக்க வேண்டும் நீங்கள்!

"அடேயப்பா!" என்றார் சவுத் ஹார்பர் பெர்சி. "எதிர்பார்க்கவே இல்லையே!"

"எங்களுக்கு மூச்சே நின்னு போச்சு!" என்றது கிரே ஹெட்.

"அப்படியா சேதி!" என்றது நார்த் ரிங்கன். பின்னால் இருபது பேர் கொட்டகை இடிகிற மாதிரி கத்தினார்கள். டாமின் குரல் தனியாகக் கேட்டது: "ஃபெர்கஸு, என் டப்பாவத் திருப்பிக் குடு!"

"கேட்டதும் எனக்குக் கையே ஓடல" என்றாள் பெர்சியின் பெண்சாதி. "தொப்பி மூணு பின்னி முடிச்சுட்டேன், நாலாவதுக்கு நூல் பத்தல."

"எப்படி, இப்ப கேட்டதுலேர்ந்தா?" என்றான் ஃபெர்கஸ்.

பெர்சி அவசரமாகக் காற்று மேற்கே திரும்பியிருப்பதாகச் சொன்னார். ஃபெர்கஸ் மேவிஸைத் திரும்பிப் பார்த்தான். மேவிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "திருட்டுப் பசங்களா!" என்றான், மைக்கை அமுக்காமல்.

அப்போதுதான் ரென் தீவிலிருந்து ஒரு அலறல் வந்தது. பெட்டியே அலமாரியிலிருந்து விழுந்துவிடும் போல இருந்தது.

"என்னது!"

"வின்னி ஆன்ட்டி, போதும்" என்றாள் மேவிஸ் சிரித்துக்கொண்டே. "நீங்கதான் எல்லாரவிடவும் நல்லா நடிச்சீங்க."

"என்ன நடிச்சேன்? கொழந்தையா? உனக்கா? எப்ப?" குரல் உடைந்து கிறீச்சிட்டது. "பெர்சி, ஒனக்குத் தெரியுமா?"

பெர்சி காற்றைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.

"மூணு தொப்பியா? மூணு தொப்பி பின்னுற வரைக்கும் தெரியுமா? கிரே ஹெட்? நார்த் ரிங்கன்? எல்லாருக்குமா? அன்னிக்கி யாருமே அணைக்கலியா?"

கேம்ப் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. ரேடியோவில் அது தெரியாது, ஆனாலும் மேவிஸுக்குத் தெரிந்தது. அவள் மெதுவாக மைக்கை ஃபெர்கஸ் கையிலிருந்து வாங்கினாள்.

"ஆன்ட்டி, நீங்க அணைச்சீங்களா?"

"அணைச்சீங்களாவா! நீ வாயத் தெறந்து கேட்டியேடி. நான் பாட்டரிக் கம்பியையே கழட்டிட்டேன். கழட்டியும் என்னை எனக்கு நம்ப முடியல. வெளியில போயிட்டேன். மழை. பெங்குவின் எல்லாம் முட்டைமேல உக்காந்துருந்துச்சு, நானும் அதுங்களோட போய் உக்காந்தேன். பத்து நிமிஷம் சொன்ன, முக்கா மணி நேரம் உக்காந்தேன், எதுக்கும் இருக்கட்டும்னு. ஹெக்டர் வந்து எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சான்னு கேட்டாரு. மூணு வாரமா தூக்கம் இல்லடி எனக்கு! கால் ஆணின்னு நெனச்சேன், நாக்குல புண்ணுன்னு நெனச்சேன், கடைசியில நீ ஊரவிட்டே போகப் போறியோன்னு..."

இத்தனை பேரில் அவள் யாருக்குப் பயந்தாளோ அவள் ஒருத்திதான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். வேறு ஒரு துணையும் இல்லாத தீவில், இருந்த ஒரே துணையின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மழையில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, என்ன மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு கெடக்கு, யாருக்கு வேணும்?" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எல்லாரும் கேளுங்க. சவுத் ஹார்பர், கிரே ஹெட், ஒருத்தர் விடாம. இப்ப அணைங்க. இந்தத் தடவ ஒழுங்கா அணைங்க. நானும் மேவிஸும் பேசணும்."

"சவுத் ஹார்பர் அணைக்குது" என்றார் பெர்சி, சின்னக் குரலில்.

"கிரே ஹெட் அணைக்குது."

"நார்த் ரிங்கன் அணைக்குது. மன்னிச்சிருங்க வின்னி."

ஒவ்வொரு குடியிருப்பாகச் சொல்லிவிட்டுப் போனது. கடைசியில் டாக்டர் லாமண்ட், "ஸ்டான்லியும் அணைக்குது" என்றார். பாவம், அன்று யாருக்காவது நிஜமாகவே வயிற்றுவலி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஃபெர்கஸ் மேவிஸின் தலையில் ஒரு முத்தம் வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு, மிச்சம் இருக்கும் முட்டைக்கோஸைப் பார்க்கிறேன் என்று வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

"போய்ட்டாங்களா?" என்றாள் வின்னி.

"போய்ட்டாங்க ஆன்ட்டி."

"நாற்காலிய இழுத்துப் போட்டுக்கறேன், இரு." ரென் தீவில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "ம், இப்ப சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு. எதையும் விடாத."

மேவிஸ் அடுப்பில் தேநீர்க் கெட்டிலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.